காலடி மணி

திரை முழுக்க ஒரு கால் தெரிந்தது. பெண்ணின் வலது கால், பழைய செருப்பு, குதிகாலில் லேசான வெடிப்பு. வங்கிக் கவுன்ட்டருக்கு அடியில் தரையில் பதித்திருந்த ஒரு இரும்புக் கட்டையின் மேல் அந்தக் கால் இருந்தது. அழுத்தவில்லை, சும்மா இருந்தது. ஹெல்மெட் போட்ட கொள்ளைக்காரன் குனிந்தான். கையுறை போட்ட கையால் கணுக்காலைப் பிடித்துப் பதமாகத் தூக்கி, பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்த இரண்டு டெலிபோன் டைரக்டரிகளின் மேல் வைத்தான். வைத்துவிட்டுப் பாதத்தின் மேல் இரண்டு தட்டு தட்டினான். "திருடனுக்கு என்னா மரியாதை பாரு" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் போட்ட சோளப்பொரியை மெல்ல மறந்துபோய், இருட்டில் தன் வலது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். நடித்தவள் யாரோ, செருப்பு யாரோ வாங்கியது. ஆனால் அந்தக் கால் அவளுடையது. அதை இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள். இன்னொன்று, அன்று குனிந்தவன்.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் அவள் அந்தக் கிளையில் காசாளராக இருந்தாள். ஆள் குள்ளம், நாற்காலி உயரம், கால் தொங்கும். அதனால் இரண்டு டைரக்டரிகளைக் கட்டிக் காலுக்கு அடியில் வைத்திருந்தாள். அதற்குப் பக்கத்தில், அதே உயரத்தில்தான் காலடி மணியின் கட்டை. மிதித்தால் இரண்டு தெரு தள்ளியிருக்கும் காவல் நிலையத்தில் அலறும். அன்று காலை பதினொன்றேகாலுக்கு, மூடிய ஹெல்மெட்டும் தடித்த சட்டையுமாக ஒருவன் உள்ளே வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. 'எல்லோரும் தரையில் உட்காருங்கள்' என்று எழுதிய அட்டையைக் காட்டினான், இன்னொரு கையில் துப்பாக்கி. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் நாற்காலியில் உறைந்துபோயிருந்தாள், கால் கட்டையின் மேல். ஒரு மிதி, அவ்வளவுதான். மிதிக்கவில்லை. மிதித்தால் சுட்டுவிடுவான் என்று பயம். அவன் கவுன்ட்டரைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, அந்தக் காலை எடுத்து டைரக்டரிமேல் வைத்து, இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பெட்டக அறைக்குப் போனான்.

"பெல் ஏன் அடிக்கல?" என்று மேனேஜர் கேட்டபோது அவள், "கால் எட்டல சார்" என்றாள். போலீஸ் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். எழுதிப் படித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டாள். குள்ளமானவளுக்குக் கால் எட்டவில்லை என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? கணவனிடம்கூட உண்மையைச் சொன்னதில்லை. இரண்டு பிள்ளைகள், அவனுக்கு நிலையான வேலை இல்லை, அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் தலைமை அலுவலகத்துக்கு யார் தலையையாவது உருட்டியாக வேண்டியிருந்தது. கொள்ளைக்காரன் நுழைந்த நேரத்தில் வாசல் காவலாளி பின்பக்கம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். சொல்லிவைத்து விலகியிருக்கிறான் என்று அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினோரு நாள் வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது வேலை இல்லை, வலது மணிக்கட்டு மடங்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஊழியர்கள் முணுமுணுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அவளும்தான் போனாள்.

அந்தக் காவலாளி இப்போது அவளுக்கு வலப்பக்கத்து நாற்காலியில், வெளுத்த சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தில் வாசல் காவலாளியாக வருவதே அவர்தான். வேஷத்தைப் பிடித்துக் கொடுத்தது இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணன்.

அண்ணன் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை, வீட்டுக்கு ஆபீஸ் பென்சில்கூட வந்ததில்லை. ஏழு மாதம் தூங்காமல் அலைந்து, அதே வங்கியின் தலைவர் போலிக் காகிதங்களை வைத்துத் தன் ஆட்களுக்கே கடன் கொடுத்ததைக் கையும் களவுமாகப் பிடித்தார். மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தது, ஃபைலைக் காணவில்லை. அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அடுத்த மாதம் அந்த வங்கியின் ஆண்டு விழாவுக்கு அண்ணனையே காவலுக்கு நிறுத்தி, தலைவரின் கார் கதவைத் திறந்துவிட்டு சல்யூட் அடிக்கவைத்தார்கள். வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தவர் மறுபடி எடுத்துப் போடவேயில்லை. அதற்கு நாலு மாதம் கழித்துத்தான் கொள்ளை. இப்போது சினிமாக்காரர்களுக்கு ஆலோசகர். போலீஸ்காரன் எப்படி நிற்பான், எப்படி விலங்கு மாட்டுவான் என்று சொல்லிக் கொடுப்பார்.

அந்தக் கொள்ளையை வைத்துத்தான் இந்தப் படம். மனம் வெறுத்த போலீஸ்காரன் ஒருவன் வங்கியைக் கொள்ளையடிக்கிற கதை என்று கேட்டபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "வேலியே பயிர மேயுதா? எங்க வீட்டு வேலிக்குப் பக்கத்து வீட்டுப் பேப்பரத் திருடிப் படிக்கக்கூடத் தெரியாது" என்றாள் அண்ணி. அதைக் கேட்டு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது தங்கையான அவள்தான்.

இடைவேளை விளக்குகள் எரிந்தன. இருக்காது, எழுதினவன் கற்பனையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் எழுந்து, நடைபாதையில் காபிக் கோப்பையோடு நின்றிருந்த இயக்குநரிடம் போனாள்.

"தம்பி, அந்தக் காலத் தூக்கி வைக்கிறது... நீங்களா யோசிச்சீங்களா?"

"எனக்கு அவ்ளோ மூளை ஏதுக்கா" என்று அந்த இளைஞன் சிரித்தான். "உங்க அண்ணன் சார் சொன்னதுதான். கேஸ் ஃபைல்ல இல்லாத எதையும் பேங்க் சீன்ல வைக்காதேன்னு அவ்ளோ கறாரா இருந்தார். இது காசாளர் வாக்குமூலத்துல இருக்காம். அந்த ரெண்டு தட்டைச் சரியா தட்டலன்னு ஆறு தடவ திரும்ப எடுக்கவெச்சார்க்கா. உங்களுக்குத் தெரியாததா, நீங்க குடுத்த வாக்குமூலம்தானே?"

"ஆமா" என்றாள்.

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அண்ணன்தான் அவளுக்கு ஷூ மாட்டிவிடுவார். மாட்டியதும் பாதத்தில் இரண்டு தட்டு. 'போ' என்று அர்த்தம். அன்று கவுன்ட்டருக்கு அடியிலும் அதே இரண்டு தட்டுதானே விழுந்தது? பதினோரு வருடமாக அது எப்படி உறைக்காமல் போயிற்று? கொள்ளைக்காரனிடத்தில் யாராவது கூடப்பிறந்தவனைத் தேடுவார்களா?

அண்ணன் நடைபாதையின் கடைசியில் ஜன்னலோரம் தனியாக நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எப்படிம்மா இருக்கு? அந்தக் கவுன்ட்டர் செட்ட அப்படியே போட்டுட்டாங்க இல்ல?"

"கால் விஷயத்த நான் யார்கிட்டயும் சொல்லலண்ணா."

"எது?"

"கால் எட்டலன்னுதான் எழுதிக் குடுத்தேன். வாக்குமூலத்துல கால் இல்ல, டைரக்டரி இல்ல, தட்டு இல்ல."

அண்ணன் எத்தனையோ பேரை எதிரில் உட்காரவைத்து விசாரித்தவர். ஒரு பதில் எங்கே போய் முடியும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையிலிருந்த காபிக் கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்தார்.

"ஏன் சொல்லல?" என்றார் கடைசியில்.

"வேலை போயிடும்னு."

"ஊர்ல எல்லாரும் பொய் சொல்லுவாங்கன்னு தெரியும்மா. வாக்குமூலத்துல பாதிதான் இருக்கும், மீதியத் தோண்டணும்னு நானே பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்." அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். "நீ பொய் சொல்லமாட்டேன்னு நெனச்சுட்டேன்."

அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. திருடியவர் அவர், கூசி நிற்பவள் தான். இது என்ன நியாயம்?

"என் நெஞ்சுக்கு நேரா துப்பாக்கி நீட்டினியேண்ணா."

"அதுல குண்டு கெடையாது. நீ அன்னைக்கு லீவுன்னு சொன்னே. உள்ள வந்து பாத்தா நீ உக்காந்திருக்கே. திரும்பிப் போயிருக்கணும்."

லீவுதான் போட்டிருந்தாள். கூட வேலை பார்த்தவளுக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் ஓடினாள். லீவு என்பதை மட்டுமா சொல்லியிருந்தாள்? பெட்டகம் எத்தனை மணிக்குத் திறக்கும், யாரிடம் சாவி, மீசை தண்ணீர் பிடிக்க எந்த நேரத்தில் போவார் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அளந்திருக்கிறாள். அண்ணன் தலையாட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"அந்தப் பணம்?"

"தொடல. தொட முடியல. அந்த பேங்க் தலைவன் கண்ணுல ஒரு நாளாவது பயத்தப் பாக்கணும்னுதான் எடுத்தேன். அவன் இன்ஷூரன்ஸ வாங்கிட்டுப் போயிட்டான்."

"மீசை பதினோரு நாள் அடி வாங்கினாரேண்ணா."

"படத்துல அவர் குத்தமில்லன்னு வருது. அதுக்காகத்தான் இந்தப் படத்துக்கே ஒத்துக்கிட்டேன்" என்றார் அண்ணன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார். மணி அடித்தது. அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணனும் தங்கச்சியும் பேசினது போதும், படம் போட்டாச்சு" என்று கூப்பிட்டாள்.

பழையபடியே உட்கார்ந்தார்கள், இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் மீசை. படம் கொஞ்ச தூரம் ஓடியது. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. திடீரென்று மீசை அவள் பக்கம் சாய்ந்தார்.

"இப்ப வரும் பாருங்கம்மா, என் சீன்."

திரையில் மீசை ஒரு நீதிமன்றப் படியில் நின்றிருந்தார். ஒரு அதிகாரி அவரிடம், "நீங்க போகலாம், உங்க மேல தப்பு இல்ல" என்று சொன்னார். திரையில் இருந்த மீசை வலது கையைத் தூக்கி சல்யூட் அடிக்கப் பார்த்தார், மணிக்கட்டு மடங்காமல் கை பாதியில் நின்றது. யாரும் சொல்லிக் கொடுத்து வந்த நடிப்பு இல்லை அது. அரங்கத்தில் கை தட்டினார்கள். அண்ணியும் தட்டினாள்.

"சினிமாலயாவது விட்டுட்டாங்க" என்றார் மீசை. இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். என் பையனே இன்னும் என்னை ஒரு மாதிரிதான் பாக்கறான். அன்னைக்கு நீங்க உள்ளதானே இருந்தீங்க, உங்களுக்கு ஒரு அடையாளமும் தெரியலயா?"

இதே கேள்வியை இந்தப் பதினோரு வருடத்தில் அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். தெரியலையே என்று அவளும் மனதாரச் சொல்லியிருக்கிறாள். இப்போதும் அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. நாக்கு புரளவில்லை. மீசை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். இடப்பக்கத்தில் அண்ணனின் மூச்சு நின்றுபோயிருந்தது. அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால் தானாகவே நாற்காலிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, முன்னால் தரையில் ஊன்றியிருந்தது. அங்கே கட்டையும் இல்லை, மணியும் இல்லை, வெறும் தரைவிரிப்புதான். அதன்மேல் பாதம் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது, ஆடுசதை கடுக்கிற அளவுக்கு. அண்ணனும் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் இரண்டு கைகளும் மடியிலேயே இருந்தன.