எண் சொல்லாத கேள்வி

"அந்தப் புத்தகம் எங்கடி?" வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள் ஜக்கம்மாள்.

"மதினிகிட்ட இருக்கு."

"முட்டுவீட்டுக்குள்ள போனது முட்டு கழிஞ்சுதான் திரும்பி வரும். நாளைக்குப் பரிச்சைய வச்சுக்கிட்டு எதப் படிப்ப?"

"மதினி கேக்கும், நான் எட்டி நின்னு சொல்லுவேன்."

அம்மாவைத் தாண்டிக் கஞ்சித் தூக்கோடு நடந்தாள் நதியா. நர்சிங் இரண்டாம் ஆண்டு. பரீட்சைக்குப் படிக்க ஊருக்கு வந்திருந்தாள். சோளக்காட்டு ஓரம் ஒற்றை அறையாக நின்றது முட்டுவீடு. தீட்டானவளும் பிள்ளை பெற்றவளும் அங்கேதான் இருக்க வேண்டும். தொட்டவர்களும் நாள் கழியும்வரை அங்கேதான். 2003இல் வீட்டுக்கு வீடு டிவி வந்திருந்தது. இது மட்டும் மாறவில்லை. சின்னமனூர் ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பெற்ற உமாதேவியை ஆட்டோவிலிருந்து நேரே இங்கேதான் இறக்கினார்கள். இன்று ஏழாம் நாள். மேகமலை ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷன், நதியாவின் அண்ணன் நாகராஜ் இன்னும் பிள்ளை முகம் பார்க்கவில்லை.

உமாதேவி உள்ளேயிருந்து வாத்தியார் குரலில் கேட்டாள். "பன்னெண்டாவது கேள்வி, ரெண்டு மார்க்கு. பிறந்த பிள்ளைக்கு நிமிசத்துக்கு எத்தன மூச்சு?"

"முப்பதுலருந்து அறுபது."

"பதினஞ்சாவது, அஞ்சு மார்க்கு. மருந்து குடுக்குமுன்ன எதெது சரியா இருக்கணும்?"

"சரியான ஆளு, சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான..."

"சரியான மாமியான்னு எழுதிறாத. அப்பிடி ஒண்ணு உலகத்துலயே கெடையாது."

"சரியான வழி!" நதியா சிரித்துவிட்டாள்.

உள்ளே துணி கிழிபடும் சத்தம்.

"நர்சம்மா, இன்னொண்ணு. பிள்ள பெத்து ஏழு நாளு. நின்ன ரத்தம் திரும்பப் போகுது. மணிக்கு ரெண்டு துணி நனையுது. என்ன செய்யணும்?"

நதியா கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "அடிவயித்துல கை வச்சு, கர்ப்பப்பை இறுகுறவரைக்கும் தேய்க்கணும். நாடி பாக்கணும். ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். தாமதிச்சா உசுருக்கு ஆபத்து."

"தானாவே தேச்சுக்கிரலாமா?"

"தேய்க்கலாம் மதினி."

"அப்ப நீ பாஸு. போ, போய்ப் படி."

வீட்டுக்கு வந்து அந்த விடையை நோட்டில் எழுதப் போனவளின் பேனா நின்றது. எத்தனையாவது கேள்வி அது? மதினி எண் சொல்லாமல் எதையும் கேட்டதில்லையே!

"மதினிக்கு ரத்தம் போகுதும்மா!" எழுந்து ஓடினாள்.

"ஏடி, தொட்டுறாத! பத்து நாளு அங்கனயே கெடக்கணும். பரிச்ச போயிரும்!" பின்னாலேயே கத்தினாள் ஜக்கம்மாள். "காலையில எங்கிட்டயும் சொன்னாடி. பிள்ள பெத்தவளுக்கு ரத்தம் போகாம பாலா போகும்?"

உமாதேவி சுவரோரம் வெளிறிக் கிடந்தாள். மூலையில் நனைந்த துணிகள். அவள் கை அடிவயிற்றின் மேலேயே இருந்தது.

"ஏன் உள்ள வந்த? நாளைக்குப் பரிச்சல்ல..." என்றாள்.

நதியா தேய்த்தாள். கத்தி ஆள் கூப்பிட்டாள். முத்துக்கருப்பனின் ஆட்டோவில், பிள்ளையைப் பக்கத்தில் போட்டு, மதினியைத் தன் மடியில் கிடத்தி, விடாமல் தேய்த்துக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன் நாடி நின்றுவிட்டது.

முட்டு கழியாத பிணம் தெருவுக்குள் வரக்கூடாதாம். சோளக்காட்டு ஓரமே கிடத்தினார்கள். பெண்கள் எட்டி நின்று அழுதார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

"நர்சுப் பிள்ளதான் தொட்டுருச்சே," என்றார் ஊர்ப்பெரியவர் ராக்கையா. "அதுவே குளிப்பாட்டட்டும். பெறகு பச்சப்பிள்ளையோட அங்கனயே இருக்கட்டும்."

நதியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெரு நடுவே நடந்தாள். ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டு வாசலில் ஜக்கம்மாள் மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தாள். "எம் மருமக மகராசி போயிட்டாளே..."

"பிடி," என்றாள் நதியா.

யோசிக்குமுன்னே ஜக்கம்மாளின் கைகள் நீண்டு பிள்ளையை வாங்கிவிட்டன. நதியா திரும்பிப் பார்க்காமல் மதினியைக் குளிப்பாட்டப் போனாள்.

ஏழு நாளாகத் தொடாத பேத்தி நெஞ்சில் முகத்தைப் புதைத்துப் பால் தேடியது. வீட்டுக்குள் காலை வைப்பதா, முட்டுவீட்டுக்கு நடப்பதா என்று தெரியாமல், ஜக்கம்மாள் வாசற்படியில் நின்றாள்.