பீலிக்கு மேலே

கணினி முப்பத்தொரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஓடித் தந்த விடையை தனுஜா நம்பவில்லை. மறுபடி ஓட்டினாள். அதேதான் வந்தது.

நோர்வூட்டுக்கு மேலே அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். எல்லோரும் குடித்தது மேலே ஊற்றிலிருந்து லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து விழும் பீலித் தண்ணீர். ஊற்றுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டி வைத்திருந்தவள் நாகலெட்சுமி. அதற்கு மேல் யாருக்கும் சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு மாட்டையும் விற்றுவிடச் சொன்னார் தோட்டத் தலைவர் கந்தப்பன்.

"வித்துட்டு மண்ணையா திங்கிறது?" என்றாள் நாகலெட்சுமி.

கண்டியில் ஆய்வுகூட வேலையிலிருந்த தனுஜா பீலித் தண்ணீர், சாணம், ஒவ்வொரு கக்கூஸ் குழி என்று போத்தல் போத்தலாக எடுத்துப் போயிருந்தாள். தண்ணீரிலிருந்த கிருமியின் டீஎன்ஏயைக் கணினி ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டது. சாணத்துக் கிருமி வேறு. ஒரேயொரு குழியின் கிருமி மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. எந்தக் குழி என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அப்பா இராமையா கேட்டார்.

"மாடுதானே?"

"நாளைக்குச் சொல்றேம்ப்பா."

"மாடுன்னா சோலி முடிஞ்சிரும்." அவள் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை பின்னேரம் எங்கே மண் வெட்டினார் என்று அவளுக்குத் தோன்றியது.

விடிந்ததும் லயத்துக்குப் பின்னால் கான் ஓரமாக ஏறிப் போனாள். தேயிலைக்குள் மழைநீர் வடிய வெட்டும் கானில் எதை விட்டாலும் கீழே ஆற்றுக்குப் போய்விடும் என்பது தோட்டத்தில் எல்லோருடைய நம்பிக்கை. போன மாதம் மண் சரிந்தபோது தோட்டத்தை நடத்தும் துரை இந்தக் கானை ஊற்றுப் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பியவர் இராமையாதான். ஓரிடத்தில் புல்லைப் பெயர்த்து வைத்திருந்தது. காலால் தள்ளினாள். அடியில் குழாய். மேல் மண் இன்னும் ஈரமாக இருந்தது.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் சனம் கூடிவிட்டது.

"கம்ப்யூட்டருக்குச் சாணி நாத்தம் தெரியுமா புள்ள?" என்று செல்லசாமி கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். இராமையா சிரிக்கவில்லை.

"ஒத்த வார்த்தையில சொல்லு. மாடா, இல்லையா?" என்றார் கந்தப்பன்.

"இல்லீங்க மாமா."

"அப்ப யாரு?"

நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை அவளுக்கு. நாகலெட்சுமி கிட்டே வந்து, "பயப்படாம சொல்லு தாயி, எந்த நாசமாப் போனவன்?" என்றாள்.

தனுஜா அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று.

"குழி வெட்டுறப்ப பாறை தட்டிருச்சு. அதனால குழாயக் கான்ல விட்டுட்டாங்க," என்றாள். "பொதுக் கக்கூஸ்ல வரிசையில நிக்க எனக்கு வெக்கமா இருக்குன்னு கட்டினது. எங்க வீட்டுக் கக்கூஸ்ங்க."