சிங்கப்பாறைத் துறைமுகம்

ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் எங்கள் தொழிலில் ஒரு சில்லறைத் தந்திரம் உண்டு. அறிக்கையில் வேண்டுமென்றே ஒரு தப்பை விட்டு வைப்போம். வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடித்து, எங்களை நாலு வார்த்தை திட்டிவிட்டு, மீதியை நிம்மதியாக ஒப்புக்கொள்வார். எங்கள் வான்சாய் ஆபீசில் அதற்கு 'மீன்முள்' என்று பெயர்.

ஷெக் என்கிற வாடிக்கையாளரின் தொண்டையில் மட்டும் எந்த முள்ளும் சிக்கியதில்லை. மீன் குளிர்கிடங்கு வியாபாரத்தைப் பற்றி அறிக்கை கேட்பார், பெரிய கட்டணம் அனுப்புவார், "அருமை" என்பார். அதோடு சரி. எங்கள் ஆபீசே அவர் தயவில்தான் ஓடியது. அன்று அடுத்த வருஷத்து ஒப்பந்தத்தில் என் முதலாளி ஔயூங் மேடம் கையெழுத்துப் போட வேண்டும். ஷெக்கைப் பார்க்க டாக்சியில் போகும்போது கேட்டார்:

"குவான்ஹோ, நாம எழுதறதை அந்தாளு படிக்கிறானா?"

"படிச்சா நம்மளை இன்னும் வச்சிருப்பானா மேடம்?"

அவர் சிரிக்கவில்லை. "அப்ப எதுக்குக் காசு குடுக்கிறான்? கறுப்புப் பணத்தை நம்ம கையால வெள்ளையாக்குறானோ? அப்படின்னா கம்பி எண்ணப் போறது நான்தான். இன்னிக்குப் பெரிய முள்ளாப் போடு."

ஷெக் தேநீர் விடுதியின் தனியறையில் இறால் கொழுக்கட்டையோடு காத்திருந்தார். நான் கூசாமல் சொன்னேன்: "புதுக் கிடங்குக்கு ஏத்த இடம் சிங்கப்பாறை மலை உச்சி சார். கப்பல் நேரா வந்து நிக்கும்."

"அருமை," என்றார் ஷெக், கொழுக்கட்டையைச் சாஸில் தோய்த்தபடி.

மேடம் மெல்லச் செருமினார். "ஷெக் சார், இந்தத் தடவை வேலை கம்மி. பாதிக் கட்டணம் போதும் எங்களுக்கு."

அவர் முதல்முறையாகச் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். "வேண்டாம் மேடம்."

"பழகின மனுஷராச்சேன்னு சொன்னேன்."

"ஒரு டாலர்கூடக் குறையக் கூடாது. வேணும்னா ஏத்திக்குங்க."

கீரைக் கட்டுக்கே மல்லுக்கு நிற்கிற இந்த ஊரில், தள்ளுபடிக்குப் பயப்படுகிற மனிதனை அன்றுதான் பார்த்தேன். எங்கிருந்தோ கிளம்பி எங்கேயோ போகிற பணப் பெருவெள்ளம் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அறிக்கை அதற்கு ஒரு மதகு. அதன் கரையிலேயே இத்தனை நாள் குடியிருந்தும் எனக்கு இரைச்சல் கேட்கவில்லை.

மேடம்தான் அதைவிட ஆச்சரியம். முகத்தில் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. "உங்க இஷ்டம் சார். வக்கீல் ஒரு தடவை பார்க்கட்டும், அப்புறம் கையெழுத்துப் போட்டுக்கலாம்," என்று அவருக்குத் தேநீர் ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. இவரிடம் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் இவர் யாரென்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

தெருவுக்கு வந்ததும் சொன்னார்: "நான் நேரா போலீசுக்குப் போறேன். அந்தாளுகிட்ட மூச்சு விட்டுடாதே. உஷார்படுத்தினோம்னா சட்டப்படி அதுவே நமக்குக் குத்தம்."

"அவரும் போயிட்டா ஆபீஸ் என்ன ஆகும் மேடம்?"

"மூடிடும்." டாக்சியை நிறுத்திக் கதவைத் திறந்தார். "உனக்கு வேற எங்கயாவது சொல்லி வைக்கறேன். இப்ப நீ டிராம்ல போ. பழகிக்க."