இடது கன்னத்தில் மச்சம்

அந்தப் போஸ்டரைச் செய்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பாவின் அச்சுக் கடையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் என் நாற்காலி. வருகிறவர்கள் சித்தப்பாவிடம் சொல்வார்கள், சித்தப்பா என்னிடம் சொல்வார், நான் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பேன். யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை என்பதாலேயே இந்த வேலை எனக்குப் பிடித்துப் போயிற்று. பைண்டிங் வேலை பார்க்கிற அக்கா என்னை, "அடி ஊமைக்கோட்டான்" என்பாள். அன்பாகத்தான் சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷட்டர் பாதி ஏறும்போதே ஒரு பெண் குனிந்து உள்ளே வந்துவிட்டாள். ஆடை ஆலையில் இஸ்திரி போடுகிறவள். முன்கையெல்லாம் சூடுபட்ட கோடுகள். முந்தைய நாள் மாலை அவளுடைய ஆறு வயது மகள் காணாமல் போயிருந்தாள். வேலை விடும் நேரத்தில் ஆலை கேட்டுக்கு வந்து நிற்கிற குழந்தை, அன்றைக்கு நிற்கவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, தெருத்தெருவாகத் தேடிவிட்டு, நேராக எங்கள் கடைக்கு வந்திருந்தாள்.

குழந்தைக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஓரிடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் ஓடுவதால் வீட்டில் நண்டு. "நண்டுன்னும் போடுங்கண்ணே. அப்படிக் கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாப்பா" என்று சித்தப்பாவிடம் சொன்னாள்.

அவள் போனில் இருந்த படங்களில் எல்லாம் நண்டு அசைந்து மங்கலாகிக் கிடந்தது. ஒன்றே ஒன்றில் முகம் தெளிவாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தில் எதையோ வேடிக்கை பார்க்கிற படம். அதை எடுத்துக்கொண்டேன். இடப்பக்கம் படம், வலப்பக்கம் எழுத்து. அந்த அம்மா சொல்லச் சொல்ல அடையாளங்களைத் தட்டினேன். மஞ்சள் கவுன். முன்பல் ஒன்று இல்லை. இடது கன்னத்தில் மச்சம். அரை மணி நேரத்தில் முந்நூறு பிரதிகள் சூட்டோடு வந்து விழுந்தன. சித்தப்பாவே வாளியில் பசை கலக்கிக்கொண்டு அவளுடன் போனார்.

முதல் மூன்று நாள் எல்லோரும் தேடினார்கள். ஆலைப் பெண்கள், லாரி ஓட்டுகிறவர்கள், பள்ளி வாத்தியார்கள் என்று குழுகுழுவாகப் பிரிந்து கால்வாய் ஓரம், பழைய கிடங்கு, ரயில் பாதை எல்லாம் போனார்கள். யார் பெற்ற பிள்ளைக்காகவோ இத்தனை பேர் செருப்புத் தேய நடக்கிறார்களே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான்காம் நாள் வீடியோக்காரர் வந்தார். துப்புத் துலங்காத வழக்குகளைப் பற்றிப் பேசியே பெரிய கூட்டம் சேர்த்தவர். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நண்டின் அம்மாவை நிறுத்தி, போஸ்டரைக் காட்டி ஏதோ கேட்டார். அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இதுல என் புள்ள மாதிரியே இல்லீங்க" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அதை மெதுவாக ஓட்டிக் காட்டினார், திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினார், பின்னணியில் இசை சேர்த்து ஓட்டிக் காட்டினார். பெற்ற தாயே தன் பிள்ளை இல்லை என்கிறாளே, அப்படியானால் இது யார் பிள்ளை என்று கேட்டார். பதில் சொல்ல ஆள் வரிசை கட்டி நின்றது. சொந்தக் குழந்தை எப்போதோ செத்துவிட்டது, இது எங்கிருந்தோ கொண்டு வந்தது என்றார்கள். இரட்டைப் பிள்ளைகள், ஒன்றை மறைத்து வளர்த்தாள் என்றார்கள். கப்பல் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லும் புருஷனை யார் கண்டது என்றார்கள். திங்கட்கிழமை கல்நெஞ்சக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா என்று எழுதியவர்களே புதன்கிழமை, இவ்வளவு அழுகிறாளே, நடிப்பு என்று எழுதினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். போன் வந்த பிறகு உலையும் ஊரெங்கும் ஆகிவிட்டது.

இதில் கெட்டது என்னவென்றால், தேடுவது நின்றுபோயிற்று. இவளே எங்கேயோ வைத்திருக்கிறாள், நாம் ஏன் முள்ளில் மிதிக்க வேண்டும் என்று குழுக்கள் கலைந்தன. மேலே இருந்து கேள்வி வந்ததால் போலீசும் தினமும் காலையில் அவளைக் கூப்பிட்டு மாலை வரை அவளையே விசாரித்தது. போஸ்டரில் இருந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளில் பாதி திட்டு. நண்டைத் தேட ஆளில்லை.

பதினோராம் நாள் மதியம் பைண்டிங் அக்கா போனை என் மேஜையில் வைத்தாள். வீடியோக்காரர் புதிதாகக் கண்டுபிடித்திருந்தார். ஒரு பக்கம் எங்கள் போஸ்டர், இன்னொரு பக்கம் பள்ளியில் எடுத்த வகுப்புப் படம். இரண்டிலும் மச்சத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"பாத்தியாடி. அதுல இந்தக் கன்னம், இதுல அந்தக் கன்னம். மச்சம் என்ன நடந்தா போகும்?"

என் கை மவுஸில் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் இருக்கிற முகம் எழுத்தைப் பார்க்க வேண்டும். காகிதத்துக்கு வெளியே பார்த்தால், வாசிக்கிறவரின் கண்ணும் அதோடு வெளியே போய்விடும். அதனால் முகம் தப்பான பக்கம் திரும்பியிருந்தால் மிரர் அடிப்போம். ஒரே ஒரு சொடுக்கு. கண்ணாடியில் பார்ப்பதுபோல் படம் இடவலமாகத் திரும்பிவிடும். கடைத் திறப்பு விழா, டியூஷன் விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து என்று நாளைக்கு இருபது முறை அடிக்கிறேன். மூச்சை யாராவது நினைத்துப் பார்த்து விடுகிறார்களா?

பழைய ஃபைலைத் திறந்தேன். அசல் படத்தில் நண்டு காகிதத்துக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தது. மச்சம் நடந்துதான் போயிருக்கிறது, நடத்திக் கூட்டிப்போனது என் விரல். யாருக்கும் ஏன் உடனே தெரியவில்லை என்பதும் புரிந்தது. போஸ்டரைப் பார்க்கிறவருக்கு மச்சம் இடப்பக்கம்தான் தெரியும். பக்கத்தில் 'இடது கன்னம்' என்று எழுத்து. பொருந்துகிற மாதிரியே இருக்கும். எதிரே நிற்கிறவரின் இடது கன்னம் நமக்கு வலப்பக்கம் வரும் என்று அவசரத்தில் யார் யோசிப்பார்கள். பெற்றவளுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கிறது. தெரிந்ததை உள்ளபடி சொன்னாள். அதற்குத்தான் இத்தனையும்.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அந்த மூன்று நாளும் சாப்பிடாமல் தேடியவர். ஆனால் பயந்துவிட்டார். வேண்டுமென்றே மாற்றினோம் என்பார்கள், நமக்கும் இதில் பங்கு என்பார்கள், வயசுப் பெண்ணை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள் என்று அடுக்கினார். பேசுகிற வாய் இது இல்லாவிட்டால் வேறொன்றைப் பேசும், நாம் எதற்குத் தலையைக் கொடுக்க வேண்டும் என்றார். நான் எப்போதும் தலையாட்டுகிறவள். ஆட்டுவேன் என்றுதான் நினைத்திருப்பார்.

"நண்ட யாரும் தேடல சித்தப்பா."

"நீ போய் என்னன்னு சொல்லுவ? உனக்கு நாலு பேர் முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்குமே."

"ஒட்டிக்கும்தான். போறேன்."

அசலையும் திருப்பியதையும் ஒரே தாளில் அடுத்தடுத்து வைத்து அச்சடித்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்தபடி நடந்தேன். நண்டின் வீட்டு வாசலுக்குப் போனபோது அதில் ஒரு சொல் கூட மிச்சமில்லை.

ஒற்றை அறை. பக்கத்து வீடுகளின் ஜன்னல்கள் அவள் பக்கம் மட்டும் சாத்தியிருந்தன. ஸ்டேஷனிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். நான் தாளை நீட்டினேன். அசல் படத்தின்மேல் அவள் விரல் வைத்தாள்.

"இதான். இதான் என் புள்ள."

அப்புறம் எப்படி நடந்தது என்று திக்கித் திக்கிச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் முகம் மாறியது. அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப தேடுனவங்க எல்லாரும் இல்லாத புள்ளயத்தான் தேடிட்டிருந்தாங்களா?"

அவள் தண்ணீர் குடித்தாள், தலைமுடியை அள்ளிக் கட்டினாள், செருப்பை மாட்டினாள். "அழுவுறதெல்லாம் அப்புறம். வா" என்றாள்.

ஸ்டேஷனில் ரைட்டர் ஒரு நடுவயது அம்மா. முதலில் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் தாளை அவர் எழுதிக்கொண்டிருந்த நோட்டின்மேலேயே வைத்துவிட்டேன். அந்தத் துணிச்சல் எனக்கு எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பார்த்தார். தன் கன்னத்தைத் தொட்டார், பிறகு காற்றில் எதிரே இருக்கும் ஒரு கன்னத்தைத் தொட்டார். அலமாரியிலிருந்து வேறொரு நோட்டை எடுத்தார். பொதுமக்களிடமிருந்து வந்த அழைப்புகளின் பதிவு. அதில் இரண்டு வரிகளுக்கு நேரே 'மச்சம் ஒத்துப்போகவில்லை' என்று எழுதி அடித்திருந்தது. எழுதியதும் அவர் கைதான். ஒன்றில் பெயர், ஊர் எதுவும் இல்லை. மற்றது பேருந்து நிலையத்தில் கூட்டிப் பெருக்குகிற ஒருவர், போஸ்டரில் உள்ளதற்கு மறு கன்னத்தில் மச்சம் உள்ள ஒரு குழந்தையைப் பார்த்ததாக இரண்டாம் நாள் சொன்னது. இன்ஸ்பெக்டருக்குச் சொல்ல ரைட்டர் போனை எடுத்தார்.

வெளியே வீடியோக்காரர் இருந்தார். அவர் அங்கே இல்லாத நேரமே கிடையாது. நண்டின் அம்மா நேராக அவரிடம் போய், "இந்தப் பொண்ணு பேசும். எடுங்க" என்றாள். கேமரா என் பக்கம் திரும்பியது. சொன்னேன். நான்தான் படத்தைத் திருப்பினேன், தொழில் பழக்கத்தில் செய்தது, அந்த அம்மா சொன்னது முழுக்க உண்மை, குழந்தைக்கு இடது கன்னத்தில்தான் மச்சம். யார் சொல்லிக் கொடுத்து இப்படிப் பேசுகிறாய் என்று கேட்டார் அவர். இத்தனை நாள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்றார்.

"தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சுது. உங்களுக்கும் இப்பத் தெரிஞ்சுடுச்சுல்ல? நீங்களும் சொல்லுங்க."

அந்த வீடியோவை அவர் போடத்தான் செய்தார். கூட்டம் குறைவு. பார்த்தவர்களிலும் பாதிப் பேர், அச்சுக் கடைப் பெண்ணுக்கும் பங்கிருக்கிறது என்று எழுதினார்கள். சித்தப்பா சொன்னது சரிதான். எழுதிக்கொள்ளட்டும். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. மறுநாள் காலை நான் கடைக்குப் போனபோது அசல் படத்தை வைத்து ஐந்நூறு பிரதிகள் அவரே ஓட்டி முடித்திருந்தார். படம் இடப்பக்கம், குழந்தை காகிதத்துக்கு வெளியே பார்த்தபடி. பைண்டிங் அக்கா அவற்றைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். என் கையில் ஒரு கட்டைக் கொடுக்கும்போது, "அந்த வீடியோவுக்குக் கீழ நானும் ஏதேதோ எழுதியிருந்தேன்டி. அழிச்சுட்டேன்" என்றாள்.

நானும் நண்டின் அம்மாவும் அந்தக் கட்டோடும் பசை வாளியோடும் பேருந்து நிலையத்துக்குப் போனோம். அங்கே பெருக்குகிறவர் புது போஸ்டரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இதே குழந்தை என்று சத்தியம் செய்யவில்லை. இந்தக் கன்னத்தில் மச்சம், பல் இல்லாமல் சிரித்தது, கவுன் மஞ்சள் என்றுதான் ஞாபகம் என்றார். காணாமல் போன அன்று மாலைக் கூட்டத்தில் கரையோரப் பேருந்தில் பெரியவர்களுக்கு நடுவே கலந்து ஏறியது, யாரோடு சேர்ந்தது என்று கவனிக்கவில்லை, எங்கே இறங்கியது என்று தெரியாது என்றார். போலீசும் காலையிலேயே வந்து இதையே கேட்டுவிட்டு டிப்போவுக்குப் போயிருக்கிறதாம்.

நண்டின் அம்மா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "இந்த பஸ்ஸு எத்தன இடத்துல நிக்கும்?"

"முப்பத்தொண்ணு."

போஸ்டர் கட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். கரையோரப் பேருந்தில் ஏறி, பசை வாளியை என் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். நடத்துனர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், முதல் நிறுத்தம்.