பாவா நடை

சுந்தரமூர்த்திக்கு உலகத்தில் ஒரே ஒரு வியாதிதான். அதன் பெயர் ஜம்புலிங்கம்.

ஜம்புலிங்கம் அவர் மனைவி சுலோச்சனாவின் அண்ணன். அடுத்த தெருவில் வீடு. மச்சானை அந்தப் பக்கத்து வழக்கப்படி பாவா, பாவா என்று சுந்தரமூர்த்தி வாய் நிறையக் கூப்பிடுவார். உள்ளே வயிறு நிறைய எரிவார். காரணம் சொத்தோ நிலமோ இல்லை. நடை! ஜம்புலிங்கம் ரோட்டில் இறங்கி நடந்தால் திருப்பதி பஸ்கூட ஹாரன் அடிக்க வெட்கப்பட்டுப் பின்னால் ஊர்ந்து வரும். இடது காலில் வெளிப்பக்கமாக ஒரு வீச்சு, அதற்கு ஈடாக வலது தோளில் ஒரு குலுக்கு. “ராஜ நடைப்பா” என்று டீக்கடையே எழுந்து நிற்கும்.

“ராஜ நடையாம்! ஸ்பிரிங் பட்டை ஒடைஞ்ச லாரி மாதிரி கீது” என்பார் சுந்தரமூர்த்தி, யார் காதிலும் விழாதபடி.

தினமும் காலையில் இருவரும் சேர்ந்துதான் முருகன் கோயில் மலைப்படி ஏறுவார்கள். பாவா மூத்தவர், ஆகவே முன்னால். சுந்தரமூர்த்தி பின்னால். இந்த ஆள் நம்மைப் பார்க்க வருகிறானா, பாவாவின் குதிகாலைப் பார்க்க வருகிறானா என்று முருகனுக்கே சந்தேகம் வந்திருக்கும். காலை எங்கே கோணலாக வைக்கிறார், தோளை எப்போது தூக்குகிறார், இன்றைக்காவது தடுக்கி விழுவாரா என்று வருஷக்கணக்காகக் கண் இமைக்காமல் குற்றம் தேடியவர் அவர்.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. சாயங்காலம் வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் போதும், உள்ளேயிருந்து சுலோச்சனா, “அண்ணா, வா வா, குந்து! காபி எடுத்தாறேன்” என்பாள். கெட்டி டிகாக்‌ஷன், தண்ணீர் முகமே பார்க்காத பால், மேலே கோயில் கோபுரம் உயரத்துக்கு நுரை. கொண்டுவந்து பார்த்தால் நாற்காலியில் புருஷன்.

“அட, நீங்களா?”

டம்ளர் வந்த வழியே திரும்பிப் போகும். வேறொன்று வரும். அதன் உள்ளே அடியில் வெட்டியிருக்கும் மாமனார் பெயரை மேலிருந்தே படித்துவிடலாம், காபி அவ்வளவு தெளிவு.

இப்படி எரிந்துகொண்டிருந்த அடுப்பில் பெட்ரோல் ஊற்றியவள் சுஜாதா. மணவூரிலிருந்து ரயிலேறி வரும் பெண். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிசியோதெரபி கிளினிக்கில் ஆராய்ச்சி செய்கிறாள். தீப்பெட்டி அளவு சென்சார்களை இடுப்பிலும் தொடையிலும் கணுக்காலிலும் வார் போட்டுக் கட்டி, ஆட்களை நடக்கவும் படியேறவும் விடுவாள். கால் எவ்வளவு வேகமாக வீசுகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே சாய்கிறது என்று அத்தனையும் அவள் லேப்டாப்பில் அலையலையாகக் கோடு போடும். அந்தக் கோடுகளை வைத்து ஓர் எலும்புப் பொம்மை அச்சு அசலாக அந்த ஆளைப் போலவே நடக்கும்.

முதலில் அவள் கண்ணில் பட்டது யார்? பாவாதான், வேறு யார்! அவருடைய பொம்மை கிளினிக் டிவியில் ஓயாமல் நடந்தது. முழங்கால் வலிக்காக வந்தவர்கள் வலியை மறந்து வாயைப் பிளந்தார்கள். நகரியிலிருந்து வந்த ஓர் அம்மாள் டிவியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகக்கூடப் பேச்சு.

அன்று சுந்தரமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது முறை போட்டுக்கொண்டது ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் இறங்கியது.

மறுநாள் புது டிராக் பேண்ட்டில் கிளினிக் வாசலில் நின்றார்.

“எம்மா, எனக்கும் கட்டு. அந்த டிவியில ஒயுங்கா நடக்கற ஒரு மன்சன் வரட்டும். ஊரு பாக்கட்டும்.”

“கட்டறேன் சார். ஆனா எப்பவும் போல நடங்க. நடிச்சா மெஷின் காட்டிக் குடுத்துடும்.”

“நடிப்பா? என் நடை தண்டவாளம்மா, தண்டவாளம்!”

நடந்தார். ஏறினார். இறங்கினார்.

அடுத்த நாள் சாயங்காலம் போனபோது, தன் பொம்மையைத் தானே ரசிக்க வரும் வழக்கப்படி ஜம்புலிங்கமும் அங்கே உட்கார்ந்திருந்தார். சுஜாதா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு லேப்டாப்பைத் திருப்பினாள்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நடுவுல சென்சாரைக் கயட்டி இவருக்குக் கட்டிட்டீங்களா?”

“இன்னாம்மா பேசற? கட்டினதும் அவுத்ததும் நீதானே!”

“அப்போ இதைப் பாருங்க.” பாவாவின் கோட்டின் மேல் இவருடைய கோட்டை எடுத்து வைத்தாள். கோடு ஒன்றுதான் தெரிந்தது. கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான்.

“இவருக்கு எடது தொடையில பிளேட் இருக்கு, கெணத்து மேட்டுல வியுந்தப்போ வெச்சது. அதனாலதான் காலு வெளிய வீசுது, தோளு குலுங்குது. உங்களுக்கு எந்தக் கால்ல பிளேட்?”

“பிளேட்டா? மூக்குக் கண்ணாடிய தவிர என் ஒடம்புல இரும்பே கெடையாது.”

“அப்புறம் எப்டி சார் இந்த நடை?”

ஜம்புலிங்கம் மெதுவாக எழுந்தார். “மாப்ளே… என் பின்னாலயே வந்துகினு, என் நடைய நீ எடுத்துகினியா?”

சுந்தரமூர்த்தியின் முகத்தில் அப்போது ஓடிய ரத்தத்தைப் பாட்டிலில் பிடித்திருந்தால் பெரியாஸ்பத்திரிக்கே போதும். படி படியாகத் தேடிய குற்றமெல்லாம் அவர் காலிலேயே வந்து குடியேறியிருக்கிறது!

“ஒரே மாதிரி ரெண்டு எதுக்கு? மொதல்ல எடுத்ததே டிவியில ஓடட்டும்” என்றாள் சுஜாதா.

அவமானத்தைக்கூடத் தாங்கியிருப்பார். இதை எப்படித் தாங்குவது?

“அதெப்டி? இந்த நடைக்கு அவருக்கு டாக்டரு, ஆபரேசனு, பிளேட்டு எல்லாம் தேவப்பட்டுச்சு. நான் எதுவுமே இல்லாம நடக்கறேன். யாரு பெருசு, நீயே சொல்லு!”

“ஆங், அதுவும் நாயந்தானே” என்றார் முழங்காலில் பட்டி போட்டிருந்த ஒருவர். கிளினிக்கே சிரித்தது. ஜம்புலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. டிவி என்னவோ பாவாவுடைய பொம்மையையே காட்டிக்கொண்டிருந்தது.

கடைத்தெரு வழியாகத் திரும்பும்போது, சொந்த நடையில்தான் வீடு போய்ச் சேருவது என்று முடிவெடுத்தார் சுந்தரமூர்த்தி. ஆனால் சொந்த நடை எது? கல்யாணத்தன்று எப்படி நடந்தோம் என்று யோசித்துக் காலை எடுத்து வைத்தார். ஒரு கால் ஆர்.கே.பேட்டைக்கும் இன்னொரு கால் அரக்கோணத்துக்கும் கிளம்பியது. “பெருசு, சுளுக்கா? ஏறி குந்து” என்றான் ஆட்டோக்காரன். வெறுத்துப் போய்க் காலை அதன் போக்கில் விட்டார். அது ஜம்மென்று வீசிக்கொண்டு போனது.

வாசலில் கால் வைத்ததுமே உள்ளேயிருந்து குரல். “அண்ணா, வா வா, குந்து! காபி எடுத்தாறேன்.”

‘நாந்தான்டி’ என்று சொல்ல வாய் திறந்தவர், மூடிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை முகத்துக்கு நேரே விரித்தார். சீரியல் ஓடும் நேரம். சுலோச்சனா ஸ்டூலில் டம்ளரை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டிவி முன்னால் ஓடிவிட்டாள்.

குடித்தார். அடேயப்பா! இதையா அந்த மனுஷன் இத்தனை காலம் தினமும் குடித்தான்?

கடைசி வாய் இறங்கும்போது வாசலில் அதே சத்தம். பாவா.

“சுலோ, ஒரு காபி குடும்மா. தலைய வலிக்குது.”

“இப்பதானேண்ணா குடிச்ச?” உள்ளேயிருந்து பதில் வந்தது. “எத்தினி காபி? சுகர் ஏறிக்கினு நிக்கும். சும்மா குந்து!”

ஜம்புலிங்கம் காலி டம்ளரைப் பார்த்தார். மாப்பிள்ளையின் மீசையில் ஒட்டியிருந்த நுரையைப் பார்த்தார். அந்தப் பார்வை சுந்தரமூர்த்திக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. தினமும் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான்.

“குந்துங்க பாவா” என்றார், நுரையைத் துடைக்காமல்.