மைலாஞ்சி பிடித்த கழுத்து

கிதாரின் கழுத்து வில்லாக வளைந்திருந்தது. கம்பிகளுக்கும் மரத்துக்கும் நடுவில் என் கட்டைவிரலை நுழைக்கலாம். கொச்சி மட்டாஞ்சேரியில் பழஞ்சாமான் கடைகளுக்கு அலமாரிக் கால் ஒட்டிக்கொடுக்கும் தச்சன் நான். கிதாரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. வளைந்த மரம் தெரியும்.

எதிர்வீட்டு சிகாபுதீன் பாய் எப்போதோ ஒரு கப்பல்காரனிடம் வாங்கிப் பரணில் போட்ட எலெக்ட்ரிக் கிதார் அது. அவர் மகள் ஜுமைலா இரவல் கிதாரில் வாசித்துப் பழகியவள். நாளை அவளுக்கு நிக்காஹ். இதைப் புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"ஊமைக் கட்டைய எதுக்கு அங்க சுமக்கணும்?" என்றார் பாய். "இன்னிக்கு அந்தி மக்ரிப் பாங்குக்குள்ள அது வாய் திறந்தா கொண்டு போ. இல்லேன்னா பழஞ்சாமான் கடைக்கு." கடைக்காரரிடமும் பேசிவிட்டார்.

ஜுமைலா சொல்லித்தான் தெரிந்தது, கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. முனையிலுள்ள திருகாணியை முறுக்கினால் வளைவு நிமிரும். அது துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, மரத்துக்குச் சூடு காட்டி, கிளாம்பில் இறுக்கி ஒருவழியாக நிமிர்த்தினேன். கழுத்தின் பின்பக்கம் பொரிந்திருந்த வார்னிஷையும் சுரண்டினேன். மரம் முந்திரிப்பருப்பு நிறத்தில் வந்தது. பாலிஷ் போட நேரமில்லை. புதுக் கம்பிகளை மாட்டி, அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

போனால், கல்யாணப்பெண் இரண்டு கையையும் தலையணைமேல் மலர்த்தி வைத்து உட்கார்ந்திருக்கிறாள். உள்ளங்கை முழுக்க ஈர மைலாஞ்சி, நம்மூர் மருதாணி.

"எண்டம்மோ, அண்ணாச்சி! இப்பவா வரது?"

"கையைக் கழுவிட்டு வா தாயி."

"கழுவினா ஒடிப்பேன்," என்றாள் பக்கத்திலிருந்த அவள் மாமி பர்ஸானா. "செவப்பு எவ்வளவோ, மாப்பிள்ளைக்குப் பிரியமும் அவ்வளவு."

"அப்போ நீங்களே வாசிங்க அண்ணாச்சி."

நான் இதுவரை வாசித்தது ரம்பம் மட்டும்தான். மைலாஞ்சிப் பாட்டுக்காக வாடகைக்கு எடுத்திருந்த ஸ்பீக்கரில் ஒயரைச் செருகினேன். ஜுமைலா மோவாயால் வழிகாட்டினாள்.

"அதில்ல, தடிச்ச கம்பி. திருகுங்க. இன்னும்... இன்னும்... மதி! போதும்னேன்ல!"

சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு பொத்தாமலே சிரித்தார்கள்.

"இப்போ நடுவுல ஒரு கட்டத்தில அமுக்கி இழுங்க."

இழுத்தேன். தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் கரகரத்தது.

"கம்பி அடியில இடிக்குது. ரொம்ப நிமுத்திட்டீங்க. அலமாரிக் கதவா இது, மட்டக்கோல் வச்சு நேராக்க? துளி வளைவு வேணும்!"

வளைந்ததை நிமிர்த்த உயிரைவிட்டவனிடம், இப்போது வளைவு கேட்கிறாள்.

வாசலில் நின்ற பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு சுடலைமணி. போற வழியில கடையில குடுத்துரு."

ஜுமைலா மோவாயால் கழுத்து முனையைக் காட்டினாள். நான் அங்கிருந்த திருகாணியை ஒரு மயிரிழை தளர்த்தினேன். என் வியர்வை கிதார்மேல் சொட்டியது. மறுபடி அமுக்கி இழுத்தேன்.

வீடே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரே ஒரு சத்தம், வெண்கலப் பானையைத் தட்டியதுபோல. நின்று, நீண்டு, சாயா கிளாஸ்களை நடுங்கவைத்துக்கொண்டே போனது.

அவ்வளவுதான். ஜுமைலா என் மடியிலிருந்து கிதாரைப் பிடுங்கினாள்.

"கை! கை!" என்று மாமி அலறினாள். யார் கேட்டது? ஈரக் கை கழுத்தில் மேலும் கீழும் வழுக்கி ஓட, அவள் வாசித்த வாசிப்பில் ஒரு பெண் குரவையிட்டாள். ஒரு கிழவி கட்டில்மேல் ஏறினாள். நான் ஏன் கை தட்டினேன் என்று எனக்கே தெரியாது.

பாங்கு கேட்டது. ஜுமைலா சட்டென்று ஸ்பீக்கரை அணைத்தாள். பாங்கு முடிந்தது.

"வாய் திறந்துருச்சு," என்றார் பாய். "கொண்டு போ."

அப்போதுதான் பார்த்தோம். ஜுமைலாவின் இடது உள்ளங்கையில் கொடியும் இல்லை, பூவும் இல்லை. கிதார் கழுத்தின் பாலிஷ் போடாத மரம் எல்லாவற்றையும் குடித்துவிட்டுச் சிவந்து நின்றது.

மாமி, சாயம் ஏற வைத்திருந்த எலுமிச்சை சர்க்கரைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து, திட்டிக்கொண்டே அவள் கையில் ஒற்றினாள். "மாப்பிள்ளைக்கு என்னடி சொல்லுவே?"

"பாதிப் பிரியம் இதுக்குப் போயிருச்சுன்னு சொல்லுவேன். மாமி, இதுக்கும் ரெண்டு சொட்டு விடு."

"எறும்பு வரும் தாயி!" என்று கத்தினேன்.

அதற்குள் மாமி கிதாரில் ரெண்டு சொட்டு விட்டுவிட்டாள்.