கேட்டை நட்சத்திரத்துக்குப் பொருத்தமான நாய்

1

நாய்க்கு என்னைப் பிடிக்காமல் போனால் அண்ணா என்ன சொல்லுவார்? பிடித்துப் போனால் நான் என்ன சொல்லுவேன்?

குசினியில் நின்று ரோல்ஸ்களைத் தட்டில் அடுக்கும்போது கஜந்தி இப்படி நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை இந்த இடத்திலேயே முடிந்து, நீங்களும் வேறு வேலை பார்க்கப் போயிருப்பீர்கள்.

இது எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குச்சவெளியிலிருந்து திருகோணமலைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் தொலைபேசியில் கதைத்துக்கொண்டு வந்தாள். "ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருகினமாம்... ஓம், நாயையும் கூட்டிக்கொண்டுதான்" என்றாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள். முகத்தை நான் பார்க்கவில்லை. பின்கழுத்தில் ஒரு பவுடர்த் திட்டு மட்டும் தெரிந்தது. அந்தத் திட்டுக்குத்தான் கஜந்தி என்று பெயர் வைத்து, நாற்பத்தொரு வயது கொடுத்து, உட்துறைமுக வீதியில் மூன்றாம் மாடியில் ஒரு வீடும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம் வேறு: "துறைமுகத்தின் மீது மாலை வெயில் பொன்னாக

[நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரைப் பற்றி எழுத உட்காரும் எல்லோருக்கும் வெயில் பொன்னாகிவிடுகிறது. கஜந்திக்கு அந்த வெயிலில் தெரிவது மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பலும், காயப்போட்ட துவாயும்தான்.]

2

கஜந்தி ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் வேலை செய்கிறாள். மூன்று மாதங்களுக்கு முன்புவரை குச்சவெளியில் அக்கா வீட்டில் இருந்தாள். பிறகு ஒருநாள், யாரிடமும் கேட்காமல், சொந்தச் சம்பளத்தில் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தாள். வந்த முதல் நாள் பாணும் வாழைப்பழமும் நின்றபடியே தின்றாள். கோப்பையைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டு, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒருவரும் சொல்லவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுவிஸிலிருந்து தொலைபேசியில் அழைத்த அண்ணா தனஞ்சயனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தனியப் பொம்பிளை. ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"ஆக்களுக்குக் கதைக்க வேற விசயம் இருக்கு அண்ணா."

"வீட்டுக்கு ஒரு ஆம்பிளைத் துணை வேணும்."

"அதுக்குத்தானே பன்னிரண்டு வருசம் தேடினனீங்கள்."

அண்ணா அந்தப் பேச்சை அப்படியே விட்டார். பிறகு, "அப்ப ஒரு நாயெண்டாலும் எடு. இல்லாட்டி மாசம் முடிய அக்கா வானோட வருவா. சாமானை ஏத்திக்கொண்டு குச்சவெளிக்கே போ" என்றார்.

ஆக, விடயம் இவ்வளவுதான். நாய் வந்தால் வீடு நிற்கும். நாய் வராவிட்டால் வான் வரும்.

நாய் தேடும் பொறுப்பை அண்ணா இரத்தினசிங்கத்திடம் ஒப்படைத்தார்.*

* இரத்தினசிங்கம் கலியாணத் தரகர். கஜந்தியின் சாதகக் குறிப்பைப் பன்னிரண்டு வருடமாகக் காவித் திரிந்தவர். இப்போது பிள்ளைகள் தாங்களே தொலைபேசியில் பார்த்துப் பிடித்துக்கொள்வதால், அவர் நாய்களுக்கு மாறிவிட்டார். பழைய பைல்தான். பழைய வாய்தான். "நல்ல குடும்பம் பிள்ளை. தாய் கொழும்பு, தகப்பன் வெளிநாடு. ஒரு கெட்ட பழக்கமும் இல்லை" என்று அவர் ஒரு பொமரேனியனின் படத்தை நீட்டினார். அதற்குப் பின்னால், எடுக்க மறந்துபோன ஓர் எஞ்சினியர் மாப்பிள்ளையின் படம் ஒட்டிக்கொண்டிருந்தது. கஜந்தி இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தாள். எஞ்சினியருக்குக் காது சின்னது.

3

இந்த இடத்தில் நான் ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். எந்த நாயைக் கதைக்குள் விடுவது என்று தெரியவில்லை.

அடுக்குமாடிக்கு நாய் தெரிவு செய்கிறவர்கள் சில விடயங்களைப் பார்க்கவேண்டுமாம். உருவம், குரைப்பு, மயிர் கொட்டுதல், ஓடுவதற்கு வேண்டிய இடம், வெக்கையைத் தாங்கும் மூக்கு. வாசித்துக்கொண்டு போகையில் எனக்கு ஒன்று விளங்கியது. சிறுகதையும் மூன்றாம் மாடி வீடுதான். இரண்டு அறை, ஒரு பல்கனி. அல்சேஷனை உள்ளே விட்டால் அது நாவல் கேட்கும். பீகிள் ஓயாமல் மோப்பம் பிடித்து, எனக்கே தெரியாத கிளைக்கதைகளைத் தோண்டி எடுத்துவிடும். பொமரேனியன் ஒவ்வொரு வசனத்துக்கும் குரைக்கும், வாசிப்பவர் களைத்துப்போவார். பக் அமைதியானது. ஆனால் சப்பை மூக்கோடு சித்திரை மாதத் திருகோணமலையில் அது மூச்சுவிடும் சத்தத்தில் உரையாடல் எதுவும் கேட்காது.

ஆகவே தற்காலிகமாக லாப்ரடோர் என்று எழுதிவைத்தேன். பிறகு மாற்றலாம்.

[மாற்றினேன். எங்கே மாற்றினேன் என்பதை மறைக்கப்போவதில்லை. நீங்களே பார்ப்பீர்கள்.]

நாயின் பெயர் ஜிம்மி. சொந்தக்காரி குணேஸ்வரி, ஓய்வுபெற்ற தாதி. இலண்டனிலுள்ள மகள் அவரைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி அழைத்திருக்கிறாள். ஜிம்மியை அழைக்கவில்லை. கண்ட இடத்தில் கொடுக்க அவருக்கு மனமில்லை. "பிள்ளையை நேரில பார்க்காமல் சொல்லேலாது" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது.

4

ஞாயிறு காலையிலேயே எதிர்வீட்டு ஸாலிஹா ஒரு தட்டு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தாள். கஜந்தியை விட ஐந்தாறு வயது மூத்தவள். முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை அழைப்பதுபோல் கஜந்தியும் அவளை 'ராத்தா' என்பாள். மூன்று மாதமாகப் பின்னேரத் தேநீர் இருவரும் சேர்ந்துதான்.

"மாப்பிள்ளை வீட்டார் எத்தின மணிக்கு?"

"பத்துக்கு. பகிடி பண்ணாதீங்கோ ராத்தா."

"சாரி உடுத்திருக்கீங்க. நான் பகிடியா பண்றேன்?"

கஜந்தி குனிந்து பார்த்தாள். உண்மைதான். எப்போது உடுத்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. கை தன்பாட்டில் உடுத்திவிட்டது.

"நாய் வந்தால் நீங்கள் வரமாட்டியள், என்ன?"

"வாசல்ல நிண்டு கதைப்பன். உள்ளுக்கு வந்தா நாயிட எச்சில் உடுப்புல பட்டிரும். பிறகு தொழ முந்தி மாத்தணும். வேற என்ன?"

"அப்ப வேண்டாமெண்டு சொல்லட்டோ?"

"அல்லாவே! என்ட பேரச் சொல்லி வேணாமெண்டு சொல்லிராதீங்க. நாளைக்கு உங்கட அண்ணன் சுவிஸ்லேர்ந்து எனக்கெல்லோ குரைப்பாரு."

5

லாப்ரடோர் படியேறும் சத்தம் கேட்டது. பெரிய நாய், ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கியது. எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப்போலத் தெருவில் திரியும்; கீழே, வாகனங்கள் நிறுத்துமிடத்தில் படுத்திருந்த மான்களைப் பார்த்து அது குரைத்தது. மான்கள் எழும்பவில்லை.

"பார்த்தியளோ!" இரத்தினசிங்கம் வாசலிலேயே தொடங்கிவிட்டார். "பகை தீர்ந்துபோச்சு."

பகை என்னவென்றால், கஜந்தி கேட்டை நட்சத்திரம். பொருத்தம் பார்க்கையில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம் உண்டு. கேட்டைக்கு மான். மானுக்குப் பகை நாய். நாய் நட்சத்திரத்தில் பிறந்த இரண்டு மாப்பிள்ளைகள் அந்தக் காரணத்தாலேயே தட்டிப்போனார்கள். இப்போது வந்திருப்பதோ நாயேதான். எந்த நட்சத்திரத்தில் பிறந்திருந்தாலும் நாய்.

குணேஸ்வரி கதிரையில் அமர்ந்தார். பக் அவருடைய கதிரைக்கு அடியில் போய்ப் படுத்தது. [இங்கேதான்.] கஜந்தி தேநீர்த் தட்டோடு வந்தவள் ஒரு கணம் நின்றாள். படியேறும்போது பெரிதாகத் தெரிந்த ஒன்று இப்போது தலையணை அளவில் இருந்தது. ஆனால் பார்க்க வருகிறவர்கள் படத்தில் இருந்ததுபோல் நேரில் இருக்கமாட்டார்கள் என்பது அவளுக்குப் பழக்கம். ஒன்றும் கேட்காமல் தேநீரைக் கொடுத்தாள்.

அண்ணா தொலைபேசித் திரையில், பூச்சாடியில் சாய்த்துவைக்கப்பட்டு இருந்தார்.

"பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமோ?" என்று குணேஸ்வரி கேட்டார்.

"நல்லாச் சமைப்பா," என்றது பூச்சாடி.

"கோழி ஈரல் அவிப்பாவோ? உப்பில்லாமல்?"

"உப்பே போடமாட்டா," என்றார் இரத்தினசிங்கம்.

"வெள்ளிக்கிழமையில?"

"மரக்கறிதான்," என்றாள் கஜந்தி.

"ஜிம்மியும் வெள்ளிக்கிழமை மரக்கறிதான்." குணேஸ்வரியின் முகம் மலர்ந்தது. "ஒருக்கா நடந்து காட்டுங்கோ பிள்ளை. பின்னேரத்தில கூட்டிக்கொண்டு நடக்க வேணும். உங்கட நடை எப்பிடியெண்டு பார்ப்பம்."

கஜந்தி குசினி வாசலிலிருந்து பல்கனி வரை நடந்தாள். திரும்பி வந்தாள். எத்தனையோ வீட்டாருக்கு முன் இப்படி நடந்திருக்கிறாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாக, நடக்கிற இடம் தன்னுடையது என்பது அவளுடைய உள்ளங்காலுக்குத் தெரிந்தது. அந்த நினைப்பு கூச்சமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது.

"ஒரு விசயம் மறைக்கக் கூடாது," என்றார் இரத்தினசிங்கம், குரலைத் தாழ்த்தி. "கேட்டைப் பொம்பிளை எண்டால் மாப்பிள்ளையின்ர தமையனுக்குக் கூடாதெண்டு சொல்லுறவை. ஜிம்மிக்கு மூத்த சகோதரம் இருக்கோ?"

குணேஸ்வரி யோசித்தார். "அஞ்சு குட்டி. முதல் வந்தது இவன்தான்."

"அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை!"

பூச்சாடிக்குள் அண்ணா கைதட்டினார். ஜிம்மி எழுந்து வந்து (இந்த இடத்தில் டாக்ஸ்ஹுண்ட்; பக்கின் மூச்சைத் தாங்க முடியாமல் மாற்றினேன், ஆனால் நீள முதுகுக்கு மூன்று மாடிப் படி ஆகாதென்று பிறகுதான் வாசித்தேன்; ஆகவே இனி இனத்துக்கு இடம் விடுகிறேன், நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம்) கஜந்தியின் காலை மணந்தது. அந்த ________ அவளுடைய பாதத்தின் மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடியது.

"அவன் சம்மதிச்சிட்டான்," என்றார் குணேஸ்வரி. கண் கலங்கியிருந்தது. "இனிப் பிள்ளைதான் சொல்லவேணும்."

6

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அ) "ஓம்" என்கிறாள். வான் வரவில்லை. அண்ணா நாள்தோறும் அழைத்து நாயைக் காட்டச் சொல்கிறார். ஸாலிஹா வாசலுக்கு வெளியே நின்று கதைக்கிறாள். பின்னேரங்களில் கஜந்தி துறைமுகத்தடியில் நடக்கிறாள். தெருவிலுள்ளவர்கள் முதலில் நாயை நலம் விசாரிக்கிறார்கள். நல்ல முடிவு. கொஞ்சம் இறுக்கம்.

ஆ) "இல்லை" என்கிறாள். வான் வருகிறது. அக்கா வீட்டில் அவளுடைய அறைக்கு யன்னல் உண்டு. அதற்கு நேரே கோழிக்கூடு.

இ) ஜிம்மி வேண்டாம் என்கிறது. [எழுதிப் பார்த்தேன். ஒரு பெண்ணை இவ்வளவுக்கும் பிறகு நாயும் வேண்டாமென்று சொல்வதா? அழித்துவிட்டேன்.]

எதைத் தொடங்குவது என்று பேனையோடு நான் இருந்தபோது கஜந்தி குனிந்து, ஜிம்மியின் தாடையைத் தூக்கி, தன் காலை எடுத்துக்கொண்டு, தாடையைத் தரையில் மெதுவாக வைத்தாள்.

"ஏலாது அண்ணா," என்றாள்.

"எது ஏலாது? நாயோ?"

"நாய் ஏலாது."

"அப்ப குச்சவெளி."

"அதுவும் ஏலாது."

"பிள்ளை," இரத்தினசிங்கம் பைலை மடியில் வைத்தார், "ரெண்டில ஒண்டு சொல்லவெல்லோ வேணும்?"

"ஏன் ஐயா?"

அவர் வாயைத் திறந்தார். பன்னிரண்டு வருடத்தில் யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. திறந்த வாய்க்குள் ஒரு ரோல்ஸை வைத்துக்கொண்டார்.

"அக்கா வானோட வருவா. சொல்லிப்போட்டன்," என்றார் அண்ணா.

"வரட்டும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும். சாமான் ஏத்த விடமாட்டன்."

அவள் சத்தம் போடவில்லை. குணேஸ்வரி குடித்து முடித்த கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தாள். திரையில் அண்ணாவின் முகம் அசையாமல் நின்றது. இணைப்புத்தான் நின்றதா, அவர்தான் நின்றுவிட்டாரா, எனக்குத் தெரியாது.

ஜிம்மிக்குப் போக மனமில்லை. குணேஸ்வரி கயிற்றைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. வாசலில் நின்று கஜந்தியை ஏறிட்டுப் பார்த்தார்.

"கோவமில்லை பிள்ளை. மகள் கேட்டவுடன நான் லண்டனுக்கு ஓமெண்டுட்டன். இப்பிடியும் சொல்லலாமெண்டு எனக்குத் தோணேல்லை."

படியில் நாலு காலும் இரண்டு காலுமாக இறங்கிப் போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

7

எல்லோரும் போனார்கள். நான் போகவில்லை. நீங்களும் போகவில்லை.

கஜந்தி சாரித் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மிஞ்சிய ரோல்ஸில் பாதியை ஸாலிஹாவுக்கென்று மூடி வைத்தாள். பூச்சாடியை நேராக்கினாள். ஏன் தனியே இருக்கவேண்டும் என்று அவள் இதுவரை சொல்லவில்லை. காரணம் இல்லாமல் கதையை எப்படி முடிப்பது? ஒரு பழைய காதல் எழுதிப் பார்த்தேன். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஒரு பெரிய துக்கம் எழுதிப் பார்த்தேன், மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "ஒன்றுமில்லை, சும்மாதான்" என்று அவளுக்காக நானே எழுதினேன். அதற்கு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள்.

பார்த்தது என்னை.

"ஒரே ஒரு வசனம்," என்றேன். "கடைசி வசனம் மட்டும் சொல்லுங்கள். அதுவரை நின்றுவிட்டுப் போகிறேன். தொந்தரவு தரமாட்டேன்."

"இல்லை," என்றாள். "நீங்களும் போங்கோ."

"வாசிக்கிறவர்கள்?"

"அவையளும்தான்."

கதவைத் திறந்துபிடித்தாள். வந்தவர்களை அனுப்பும் மரியாதை அவளுடைய முகத்தில் குறையாமல் இருந்தது. முன்னால் நீங்கள் இறங்கினீர்கள். வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நான் இன்னொரு தடவை கேட்டேன்: உள்ளே இனி என்ன செய்வாள், எழுதாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்துகொள்ள மட்டும்.

"ஏலாது," என்றாள், மெதுவாக.